ஊசி வேண்டாம், கத்திரி போதும்

கேள்வி: ஃப்ளீஸ் துணியில் குஞ்சம் வைத்த போர்வையை வீட்டிலேயே செய்ய முடியுமா? தையல் மெஷின் கிடையாது. (வாசகி, குன்னூர்)

பதில்: தாராளமாக. ஃப்ளீஸ் பாலியெஸ்டர் பின்னல் துணி. வெட்டின ஓரத்தில் நூல் பிரியாது. ஒன்றரை மீட்டரில் இரண்டு துண்டு வாங்கி, நல்ல பக்கம் வெளியே இருக்க ஒன்றின் மேல் ஒன்றாக விரியுங்கள். நான்கு மூலையிலும் 4 அங்குலச் சதுரம் வெட்டி எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மூலையில் முடிச்சுகள் முட்டிக்கொண்டு நிற்கும். பிறகு சுற்றிலும் 4 அங்குல ஆழம், 1 அங்குல அகலத்தில் வார் வாராக வெட்டி, மேல் வாரையும் கீழ் வாரையும் சேர்த்து இரட்டை முடிச்சு. ரொம்ப இறுக்கினால் ஓரம் சுருங்கிப் போர்வை கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். மழுங்கின கத்திரி என்றால் கைவலிதான் மிச்சம். இஸ்திரி கூடவே கூடாது, துணி உருகும். கைக்குழந்தைக்கு இந்தப் போர்வை வேண்டாம். முடிச்சு நேராக வாய்க்குத்தான் போகும்.