தொட்டித் தண்ணீரும் எஸ்பிரெசோ இயந்திரமும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

சென்னையில் காபிக் கடை திறப்பவர்கள் இயந்திரத்துக்காக லட்சக்கணக்கில் கடன் வாங்குகிறார்கள். அதற்குத் தண்ணீர் எப்படி வரப்போகிறது என்ற கேள்வியை மட்டும் கடைசி நாளில் பிளம்பரிடம் விட்டுவிடுகிறார்கள். இத்தாலியில் செய்த இயந்திரத்தின் கையேடு, தெருக்குழாயில் நாள் முழுக்க அழுத்தத்தோடு தண்ணீர் வரும் என்று எண்ணி எழுதப்பட்டது. இங்கே மெட்ரோ வாட்டரோ லாரித் தண்ணீரோ முதலில் சம்புக்கு வருகிறது. மோட்டார் அதை மாடிக்கு ஏற்றுகிறது, அங்கிருந்து கடைக்கு இறங்குகிறது. அதுவும் இல்லாவிட்டால் கேன். இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காததால், புதுக் கடைக்காரர்கள் முதல் வருடத்திலேயே பம்பையும் பாய்லரையும் இழப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. தவிர்க்கக்கூடிய இழப்பு அது.

“மொட்டைமாடியில் டேங்க் இருக்கிறது, பிரஷர் தாராளமாக வரும்.”

பத்து மீட்டர் உயரத்து நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். இரண்டு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் கடை இருந்தால், கவுன்டருக்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் இடையே ஏழெட்டு மீட்டர்தான் இருக்கும். அதாவது 0.7 அல்லது 0.8 பார். அதுவும் குழாய் மூடியிருக்கும்போது. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் எல்போக்களும் ஃபில்டரும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கையேடுகள் பெரும்பாலும் கேட்பது 2 முதல் 4 பார். வெறும் உயரத்தாலேயே 2 பார் வேண்டுமென்றால் ஆறேழு மாடி வேண்டும். வாளி சீக்கிரம் நிரம்புகிறது என்பதை வைத்து முடிவுகட்டக் கூடாது. இயந்திரம் நிற்கப்போகும் இடத்திலேயே கேஜை மாட்டி, தண்ணீரை ஓடவிட்டு அளக்க வேண்டும்.

“இயந்திரத்துக்குள்ளேயே 9 பார் மோட்டார் இருக்கிறது, தானே உறிஞ்சிக்கொள்ளும்.”

அதிகம் கேள்விப்படுவது இதுதான், அதிகம் சேதம் செய்வதும் இதுதான். வீட்டு இயந்திரங்களில் இருக்கும் அதிர்வு பம்ப், பக்கத்திலுள்ள சிறு தொட்டியிலிருந்து உறிஞ்சவே வடிவமைக்கப்பட்டது. கடை இயந்திரங்களில் பெரும்பாலும் இருப்பது ரோட்டரி பம்ப். அதனுள் கார்பன் தகடுகள் சுவரை உரசியபடி சுழல்கின்றன. அவற்றுக்கு எண்ணெய் கிடையாது. ஓடும் தண்ணீர்தான் மசகு, அதுதான் சூட்டையும் தணிக்கிறது. வரத்து குறைந்தால் உள்ளே நீராவிக் குமிழிகள் தோன்றி உடையும். டப்பாவில் சரளைக்கல் போட்டுக் குலுக்கியதுபோல் ஓசை வரும். அந்த ஓசை கேட்டால் ஷாட் போடுவதை அப்போதே நிறுத்துங்கள். தண்ணீரே இல்லாமல் ஓடினால் தகடும் சீலும் வெகு விரைவில் போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. ரோட்டரி பம்ப், உள்ளே வரும் அழுத்தத்தின் மேல்தான் தன் அழுத்தத்தைக் கூட்டுகிறது. வரத்து 1.5 பாருக்கும் 2.8 பாருக்கும் இடையே ஊசலாடினால், 9 பாரில் அமைத்த ஷாட்டும் சேர்ந்து ஊசலாடும். அதே கொட்டை, அதே அரவை, ஆனால் ஒரு கோப்பை கசக்கும், அடுத்தது புளிக்கும். பாரிஸ்டா பாவம், கிரைண்டரைத் திருகிக்கொண்டே இருப்பார்.

இதற்கான தீர்வு பெரிய செலவில்லை. கவுன்டருக்கு அடியில், தானே ஓடித் தானே நிற்கும் சிறிய டயஃபிரம் பம்ப் ஒன்று. அதன் பின்னால் ஒரு பிரஷர் டேங்க். இந்த டேங்கை வேண்டாத செலவென்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். இது இல்லாவிட்டால் பம்ப் வினாடிக்கு வினாடி விட்டுவிட்டு ஓடும், அந்தத் துடிப்பு ஷாட் வரைக்கும் போகும். அந்த டேங்கின் காற்றழுத்தம், பம்ப் மறுபடி ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிடச் சற்றே குறைவாக இருக்க வேண்டும். தண்ணீரை முழுக்க வடித்த பிறகுதான் அதை அளக்க முடியும். அடுத்து ரெகுலேட்டர், பிறகு ஒருவழி வால்வு. சூடான நீர் விரிந்து பின்னோக்கித் தள்ளும்போது ஃபில்டரைக் காப்பது அந்த வால்வு. பம்புக்கு முன்னால் ஒரு மண் ஃபில்டரும், தொட்டி வற்றினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஃப்ளோட் சுவிட்சும் கட்டாயம்.

“கேன் தண்ணீர் சுத்தமானது, அதனால் இயந்திரத்துக்கும் நல்லது.”

கேனிலிருந்து இயந்திரத்துக்குத் தண்ணீர் தரலாம். கேனுக்குள் குழல் இறக்கி இழுக்கும் பம்புகள் அதற்கென்றே கிடைக்கின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் ஊர் இருபது லிட்டர் கேன் பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர், அதில் கனிமங்கள் மிகக் குறைவு. பாய்லரில் நீர்மட்டத்தை அறிவது ஓர் உலோகக் கம்பி. தண்ணீர் அதைத் தொட்டதும் அதன் வழியே நுண்ணிய மின்னோட்டம் பாய வேண்டும். கனிமம் இல்லாத நீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. பாய்லர் காலி என்று நினைத்து இயந்திரம் நிரப்பிக்கொண்டே போகும், ஸ்டீம் குழலில் ஆவிக்குப் பதில் தண்ணீர் கொட்டும். மெக்கானிக் போர்டை மாற்றச் சொல்வார். முதலில் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். கனிமமற்ற நீர் செம்பையும் பித்தளையையும் மெல்ல அரிக்கவும் செய்யும், காபியும் சப்பென்று இருக்கும். ஸ்பெஷாலிட்டி காபிச் சங்கம் பரிந்துரைக்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 50 முதல் 175 மில்லிகிராம். ஆர்.ஓ. வைத்தால் கனிமம் சேர்க்கும் கார்ட்ரிட்ஜோ, வடிகட்டாத நீரைக் கொஞ்சம் கலக்கும் வால்வோ கூடவே வேண்டும்.

“பாய்லரில் கொதித்துவிடுகிறதே, தொட்டி அழுக்கானால் என்ன?”

கோப்பைக்கு வரும் நீர் 90 டிகிரிக்குச் சற்று மேல்தான். கொதித்தாலும் மண்ணும் துருவும் கரைந்துவிடாது. ஷாட் வடியும் குரூப்புக்குத் தண்ணீரை அளந்து விடும் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இராது, ஒரு துகள் போதும். கார்பன் ஃபில்டரைத் தொட்டிக்கு முன்னால் வைப்பதும் தவறு. அது குளோரினை எடுத்துவிடும், தொட்டியில் தேங்கும் நீருக்குப் பாதுகாப்பே இராது. கார்பன் எப்போதும் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கட்டும்.

மே மாத வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் சுடுகிறது, மின்சாரம் மிச்சம் என்று மகிழ்பவர்களும் உண்டு. காபி இயந்திரங்களுக்கென விற்கும் ஃபில்டர்கள் பலவற்றில், உள்ளே வரும் நீர் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று போட்டிருக்கும். தொட்டிக்கு நிழல் கொடுங்கள்.

“உப்புத் தண்ணீரா? சாஃப்ட்னர் போட்டால் தீர்ந்தது.”

உப்பு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இரண்டு வேறு தொல்லைகள். ஒன்று கால்சியமும் மக்னீசியமும். சூடேறியதும் வெள்ளைப் படிவாகி ஜெட்டை அடைப்பது அது. சாஃப்ட்னர் அவற்றை எடுத்துச் சோடியத்தை விடுகிறது, படிவு குறைகிறது. இன்னொன்று குளோரைடு. அதைச் சாஃப்ட்னர் தொடவே தொடாது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்திருப்பது எல்லாரும் அறிந்தது. கடலோரத்துப் போர்வெல் நீர் பலவற்றிலும் குளோரைடு அதிகம். சூடான பாய்லரில் அது துருப்பிடிக்காத எஃகையே ஊசி குத்தியதுபோல் துளைக்கும். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழியில்லாதபோது 1000 வரை. அது குடிப்பவருக்கான எல்லை. இயந்திரத் தயாரிப்பாளர்கள் கேட்பது அதைவிட வெகு குறைவு. தாண்டினால் வாரன்டி செல்லாது என்று கையேட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். குளோரைடு அதிகமான நீருக்கு ஆர்.ஓ. தவிர வேறு வழியில்லை.

கையடக்க டி.டி.எஸ். மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லும், எது கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு, பி.எச்., இரும்பு என்று ஐந்தையும் கேட்டு ஆய்வகத்தில் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடங்களிலும் தனியார் ஆய்வகங்களிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறார்கள். மாதிரியைச் சம்பிலிருந்து எடுக்காமல், இயந்திரத்துக்குப் போகும் குழாயிலிருந்து எடுங்கள். மழைக்குப் பிறகு ஒரு முறை, லாரித் தண்ணீர் ஓடும் கோடையில் இன்னொரு முறை. ஃபில்டரை அந்த இரண்டாவது அறிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.