சங்கத்துக்கு ஒரு காமிரா: தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தின் இருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தேன. இரும்பு அலமாரியில் துணி சுற்றிய விலையுயர்ந்த காமிரா ஒன்று இருந்தது. அதனருகே, அதற்கென்று பின்னர் வாங்கிய லென்ஸ் ஒன்றும் இருந்தது. வாங்கிய நாள் முதல் அந்த லென்ஸ் அக்காமிராவில் ஒருநாளும் பூட்டப்படவில்லை, பூட்டவும் இயலாது. காமிரா ஒரு நிறுவனத்தினது. லென்ஸோ வேறொரு நிறுவனத்தின் காமிராவுக்கென்று செய்யப்பட்டது. இருப்புப் பதிவேட்டில் இரண்டுக்கும் எதிரே "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதியிருந்தார்கள். எழுதியதில் பொய் இல்லை.

அதே சங்கத்தில் வேறொரு வருத்தமும் இருந்தது. அலைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வெளியூரார் கேட்டு வாங்கிய அரக்கு நிறச் சேலைகளில் சில, "படத்தில் கண்ட நிறம் இதுவன்று" என்ற குறிப்புடன் திரும்பி வந்திருந்தன. போக வர அஞ்சற்செலவு சங்கத்தைச் சேர்ந்தது. நூலுக்கும் கூலிக்கும் கொடுத்த முதல் முடங்கிக் கிடந்தது. காமிரா அலமாரியில் இருக்க, சேலைகள் திரும்பி வந்தன. இந்த நிலை பிற சங்கங்களுக்கு நேராதிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

படமே இன்றைய மாதிரி

திருவொற்றியூரில் காலாடிப்பேட்டை என்றோர் ஊர்ப்பகுதி உண்டு. 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. காலெட் பேட்டை என்பதே பின்னர் காலாடிப்பேட்டை என மருவிற்று. அக்காலத்தில் கம்பெனியார் துணி கொள்ளும்போது மாதிரித் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, வந்த சரக்கை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மாதிரிக்குக் குறைந்த துணி தள்ளப்படும் அல்லது விலை குறைக்கப்படும்.

இன்று வாங்குவோர் தொலைவில் இருக்கின்றார். துணியைத் தொட்டுப் பார்க்க அவருக்கு வழியில்லை. நாம் அனுப்பும் படமே அவர் கையிலுள்ள மாதிரி. மாதிரி தவறானால் சரக்கு எவ்வளவு நன்றாயிருந்தும் பயனில்லை. ஆகவே காமிராவை அழகுப் பொருளாகக் கொள்ளாது, தராசையும் அளவுகோலையும் போன்ற சங்கத்தின் கருவியாகவே கருத வேண்டும்.

அலைபேசி போதாதா?

பல வேலைகளுக்குப் போதும். கூட்டப் படம், அறிவிப்பு, வெயிலில் எடுக்கும் பயிர்ப் படம் ஆகியவற்றுக்குத் தனிக் காமிரா வேண்டியதில்லை. ஆனால் அலைபேசி தானாகவே நிறத்தைக் கூட்டியும் குறைத்தும் படத்தைத் திருத்திவிடுகின்றது. மங்கிய ஒளியில் அசையும் பொருளைத் தெளிவாகப் பிடிப்பதும் அதற்குக் கடினம். தொலைவிலுள்ளதையும் மிக நுண்ணியதையும் எடுக்க வேண்டுமானால் அதற்குரிய லென்ஸ் தேவை. இவ்வேலைகள் அடிக்கடி வருமானால் மட்டும் தனிக் காமிராவைப் பற்றி எண்ணலாம்.

இதற்குப் பொருத்தமானது, உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றத்தக்க சிறு காமிரா. ஒலிம்பஸ், பானசோனிக் என்னும் இரு நிறுவனங்களும் சேர்ந்து 2008-இல் இவ்வகைக்கு ஒரு பொது அமைப்பை வகுத்தன. அவ்வாண்டே பானசோனிக் ஜி1 வெளிவந்தது. பழைய பெரிய காமிராக்களில் லென்ஸின் பின்னே சாய்ந்து நின்ற கண்ணாடியை நீக்கிவிட்டமையால் காமிராவின் பருமனும் எடையும் குறைந்தன.

முதலில் வளையம், பிறகு காமிரா

லென்ஸைக் காமிராவில் பூட்டும் வளையத்தை மவுண்ட் என்பர். பெரும்பாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் இது வேறுபடும். ஒரு வளையத்துக்குச் செய்த லென்ஸ், இடையே தக்க இணைப்பு இருந்தாலன்றி மற்றொன்றில் பொருந்தாது. காமிரா சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். நல்ல லென்ஸ் அதைவிட நெடுநாள் உழைக்கும். எனவே நாம் காமிராவை வாங்கும்போதே ஒரு வளையத்துக்குக் கட்டுப்படுகின்றோம் என்பதை மறக்கலாகாது.

சில வளையங்கள் நின்றே போயின. நிக்கான் நிறுவனம் 2011-இல் தொடங்கிய நிக்கான் 1 என்னும் வரிசை 2018-இல் முடிவுற்றது. கேனான் 2012-இல் தொடங்கிய ஈ.ஓ.எஸ். எம் வரிசை 2023-இல் நின்றது. அவற்றை வாங்கியோரிடமுள்ள கருவிகள் இன்றும் வேலை செய்யும். ஆனால் அந்த லென்ஸ்களைப் பூட்டுவதற்குப் புதிய காமிரா வராது. 2008-இல் தோன்றிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், 2010-இல் தோன்றிய சோனி ஈ, 2012-இல் தோன்றிய ஃபியூஜிஃபிலிம் எக்ஸ், 2018-இல் வந்த கேனான் ஆர்.எஃப்., நிக்கான் இஸட் ஆகியவை வேறு வளையங்கள். மலிவாகக் கிடைக்கின்றது என்று நின்றுபோன வரிசையை வாங்குவது, உதிரி கிடைக்காத பம்புசெட்டை வாங்குவதை ஒக்கும்.

தகட்டின் அளவு

ஒளியை வாங்கிப் படமாக்கும் தகட்டைச் சென்சார் என்கிறோம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் தகடு 17.3-க்கு 13 மில்லிமீட்டர், ஏ.பி.எஸ்.-சி. எனப்படுவது ஏறத்தாழ 23.5-க்கு 15.6, முழுச் சட்டம் எனப்படுவது 36-க்கு 24. பரப்பைக் கணக்கிட்டால் முறையே சுமார் 225, 367, 864 சதுர மில்லிமீட்டர் ஆகும். ஒரே மழையில் பெரிய வயல் அதிக நீரை வாங்குவது போலப் பெரிய தகடு அதிக ஒளியை வாங்கும். ஆனால் தகடு பெரிதாகும்போது பொதுவாக லென்ஸின் பருமனும் விலையும் உயரும். சங்க வேலைக்கு நடுத்தரமான ஏ.பி.எஸ்.-சி. தகடோ, எடை குறைந்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸோ போதுமானது என்பது என் கருத்து.

காமிராவுடன் பெட்டியில் வரும் லென்ஸில் பெரும்பாலும் 3.5–5.6 என்று குறித்திருக்கும். இவ்வெண் சிறிதாயின் ஒளி அதிகம் புகும். 1.8 என்று குறித்த லென்ஸ், 5.6-ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். விடியலுக்கு முன் காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும்போதோ, ஒரே விளக்குள்ள தறிக்கூடத்திலோ படம் எடுப்பவர் இதன் அருமையை உணர்வார். விலை மிகுந்த காமிராவில் சாதாரண லென்ஸைப் பூட்டுவதைவிட, நடுத்தரக் காமிராவில் 1.8 லென்ஸைப் பூட்டுவது நல்லது. ஒதுக்கிய தொகையில் பாதியைக் காமிராவுக்கும், மறுபாதியை லென்ஸ், முக்காலி, மைக், உலர்பெட்டி ஆகியவற்றுக்கும் வைத்துக்கொள்வது முறை.

நெசவாளர் கவனிக்க வேண்டியவை

முதலாவது நிறம். பகலொளி நீலம் கலந்தது. பழைய குண்டு விளக்கின் ஒளி மஞ்சள் கலந்தது. எது வெண்மை என்பதைக் காமிராவுக்கு நாம் சொல்லித்தர வேண்டும். கடையில் கிடைக்கும் சாம்பல் நிற அட்டையைத் துணிமேல் வைத்து ஒரு படம் எடுத்து, அதைக்கொண்டு வெள்ளைச் சமனை அமைத்துக்கொள்ளலாம். வெயில் நேரே விழாத ஜன்னலருகே துணியை விரித்து, விளக்குகளை அணைத்துவிட்டு எடுத்தல் வேண்டும். இருவகை ஒளி கலந்தால் எந்தக் காமிராவும் தடுமாறும். அரக்கு, குங்குமச் சிவப்பு போன்ற நிறங்களில் ஒளி மிகுந்தால் இழையின் நுட்பம் மறைந்து ஒரே சிவப்பாகிவிடும். அங்கே ஒளியைச் சற்றுக் குறைத்து எடுக்கலாம். ரா என்னும் திருத்தப்படாத கோப்பையும் சேர்த்துப் பதிந்துகொண்டால் பின்னர் நிறத்தைச் சீர்செய்ய இயலும். முடிவில், திரையின் பக்கத்தில் அதே சேலையை வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தப் படத்தையும் அனுப்பலாகாது.

இரண்டாவது அலைவரி. மெல்லிய மல் துணி இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நகர்த்தினால், இரண்டிலும் இல்லாத அலை போன்ற வரிகள் தோன்றுவதை நெசவாளர் எல்லோரும் கண்டிருப்பர். சென்சாரிலும் ஒளிப்புள்ளிகள் பாவும் ஊடையும் போல வரிசையாக அமைந்துள்ளன. துணியின் இழைவரிசை அதன்மேல் விழும்போது அதே அலைவரி படத்திலும் தோன்றும். வாங்குவோர் அதை நெசவின் பழுதென்று எண்ணிவிடுவார். காமிராவைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தினாலும், கோணத்தை மாற்றினாலும் இது பெரும்பாலும் மறையும். சிறு திரையில் இது தெரியாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

பயிரிடுவோர்க்கு

இலைப்பேன், அசுவினி, புள்ளிநோய் ஆகியவற்றை வேளாண்மை அலுவலருக்குக் காட்டப் படம் எடுக்கும்போது, இலை முழுவதும் ஒரு படம், நோய் கண்ட இடம் நெருக்கமாக ஒரு படம், செடி நிற்கும் பாத்தி ஒரு படம் என மூன்று எடுத்தல் நலம். நெருக்கப் படத்துக்கு மேக்ரோ லென்ஸ் உதவும். அதில் 1:1 என்று குறித்திருந்தால், பொருளின் உண்மையளவு அப்படியே தகட்டில் விழும் என்பது பொருள்.

வீடியோ எடுக்க

நம் நாட்டில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் பல குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகின்றன. காமிராவை இதற்கு இசைய அமைக்காவிடில் வீடியோவில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். பட்டியலில் பால் என்னும் முறையைத் தேர்ந்து, நொடிக்கு 25 சட்டம் என்றும், ஷட்டர் வேகம் 50-இல் ஒரு பங்கு நொடி என்றும் வைத்தால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

அடுத்து ஒலி. தறி ஓடும் இடத்தில் காமிராவின் உள்மைக் பேசுவோர் குரலைத் தராது. தறியின் ஓசையையே தரும். சட்டையில் செருகும் மைக் வேண்டும். அதற்குக் காமிராவில் துளை இருக்க வேண்டும். மூன்று காமிராக்களை ஒப்பிட்டால் இது விளங்கும். 2021-இல் வந்த சோனி இஸட்.வி.-ஈ10 எடை 343 கிராம். மைக் துளை உண்டு. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை. 2023-இல் வந்த கேனான் ஆர்50 எடை 375 கிராம், இரண்டும் உண்டு, ஆனால் சோனியைப் போலவே உடலுள் நடுக்கம் தணிக்கும் அமைப்பு இல்லை. 2020-இல் வந்த ஒலிம்பஸ் ஈ-எம்10 மார்க் 4 எடை 383 கிராம். நடுக்கம் தணிக்கும் அமைப்பும் வியூஃபைண்டரும் உண்டு. மைக் துளை இல்லை. துணிப் படமே முக்கியமாயின் மூன்றாவது குறையற்றது. பேட்டி எடுக்க வேண்டுமாயின் அதுவே உதவாது. புதிய காமிராக்கள் வந்துகொண்டேயிருக்கும். அவற்றிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

கடற்காற்றும் நிலக்கரித் தூசியும்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள நம் பகுதியில் உப்புக்காற்றும், நிலக்கரித் தூசியும், சாம்பலும் கருவிகளுக்குப் பகை. வெட்டவெளியில் லென்ஸ் மாற்றக் கூடாது. அறைக்குள், காமிராவின் வாய் கீழ்நோக்கியிருக்க, விரைவில் மாற்ற வேண்டும். ஈரம் தங்கினால் லென்ஸினுள் பூஞ்சை படரும். தோல் உறையில் மூடி வைப்பதைவிட, சிலிகா ஜெல் இட்ட இறுக்கமான பெட்டியில் வைப்பது மேல். கடற்கரையில் எடுத்த நாளன்று உலர்ந்த மென்துணியால் துடைத்தே உள்ளே வைக்க வேண்டும்.

சான்றாகும் படம்

28-1-2017 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்தினருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியதும் நாம் அறிந்தவை. 2023 நிகழ்ச்சியில் பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பத்துக்கு ரூ.12,500-உம், படகைச் சீராக்க ரூ.10,000-உம் நிவாரணமாக அரசு அறிவித்தது. இத்தகைய வேளைகளில் வலையின் நிலை, படகின் நிலை, வயலில் நின்ற நீர், தறிக்குழியில் புகுந்த வெள்ளம் ஆகியவற்றை அன்றே படமெடுத்து வைத்த உறுப்பினரின் மனு வலிமை பெறும்.

அதற்குக் காமிராவின் கடிகாரமும் தேதியும் சரியாயிருக்க வேண்டும். மூலக் கோப்பைத் திருத்தாமல் இரண்டு இடங்களில் காக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, உள்ளிருக்கும் தேதிக் குறிப்பும் நீங்கிவிடும். அனுப்பியதையே மூலம் என்று எண்ணிவிடக் கூடாது. 1-7-2024 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளைச் சான்றாக வைக்கும்போது உரிய சான்றிதழ் இணைக்குமாறு கூறுகின்றது. எந்தக் கருவியில், யார், எப்போது எடுத்தது என்ற குறிப்பேடு சங்கத்தில் இருந்தால் அச்சான்றிதழ் எழுதுவது எளிது.

வாங்கும் முறை

முதலில், ஓராண்டில் எவ்வெவ் வேலைக்கு எத்தனை நாள் காமிரா தேவை என்று எழுதிப் பாருங்கள். சென்னையில் நாள் வாடகைக்குக் காமிரா கிடைக்கின்றது. எண்ணிய காமிராவையும் லென்ஸையும் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, சங்கத்தின் சேலையையே படமெடுத்துப் பார்த்தபின் தீர்மானம் நிறைவேற்றுங்கள். குறைந்தது மூன்று விலைப்புள்ளிகள் பெறுங்கள். எங்கே வாங்கினும் சங்கத்தின் பெயரில் ரசீதும், இந்தியாவில் செல்லும் உத்தரவாதமும் வேண்டும். காமிரா, லென்ஸ் ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும், அது எந்த வளையத்தைச் சேர்ந்தது என்பதையும் பதிவேட்டில் குறியுங்கள். முதலில் சொன்ன சங்கத்தின் பதிவேட்டில் இந்த ஒரு குறிப்பு இருந்திருந்தால், பொருந்தாத லென்ஸ் வாங்கப்பட்டிராது. பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, பயன்படுத்தத் தெரிந்தோர் இருவரையாவது பழக்குங்கள்.

ஆண்டில் இருபது நாளே தேவைப்படும் கருவியை ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே வாங்குவானேன்? அண்மையிலுள்ள நான்கு சங்கங்கள் கூடி ஒரே வளையத்தைத் தேர்ந்து, ஒருவர் காமிராவும் ஒருவர் மேக்ரோ லென்ஸுமாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். கூட்டுறவு என்பது இதற்கும் பொருந்தும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

1. சென்ற ஆண்டில் நம் சங்கத்துக்குத் திரும்பி வந்த சரக்கில், படத்தின் குறையால் திரும்பியது எவ்வளவு?

2. நம் வேலைக்கு முதலில் வேண்டியது எந்த லென்ஸ்? அது எந்தெந்த வளையங்களில் கிடைக்கின்றது?

3. நாளை வெள்ளம் வந்தால், நம் தறிகளும் பயிரும் இன்று எந்நிலையில் உள்ளன என்பதைக் காட்டத் தேதியுள்ள படம் நம்மிடம் உண்டா?