முதல் ஆட்டத்தில் யாருடன் யார்?

வெள்ளிமலையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, மாவட்ட அளவிலான கபடிப் போட்டிக்காகக் கள்ளக்குறிச்சி வந்து சேரும் ஒரு பள்ளி அணியை எண்ணிப் பாருங்கள். குலுக்கலில் அதற்கு முதல் ஆட்டத்திலேயே மாவட்டத்தின் மிக வலுவான அணி எதிரணியாக அமைகிறது. தோற்றால், அன்றைய நாள் ஒரே ஆட்டத்தோடு முடிந்துவிடும். இரண்டாவது சிறந்த அணியாகவே அது இருந்தாலும் பதிவேட்டில் 'முதல் சுற்றில் தோல்வி' என்றுதான் இருக்கும்.

கணக்கு என்ன சொல்கிறது?

8 அணிகள் வெளியேற்று முறையில் ஆடுவதாகவும், வலுவான அணியே எப்போதும் வெல்வதாகவும் கொள்வோம். முதல் அணிக்கு இடம் தந்தபின் மீதி 7 இடங்கள். அவற்றுள் 3 இடங்கள் அதே பாதியில் உள்ளன. எனவே இரண்டாவது சிறந்த அணி இறுதிப்போட்டிக்கு வராமல் போக வாய்ப்பு 3/7. முதல் ஆட்டத்திலேயே வெளியேற வாய்ப்பு 1/7.

இதைத் தவிர்ப்பதே 'சீடிங்'. முதல் இரண்டு அணிகளை எதிரெதிர்ப் பாதிகளிலும், அடுத்த இரண்டு அணிகளை மீதமுள்ள கால்பகுதிகளிலும் வைக்கிறோம். மற்ற அணிகளுக்குக் குலுக்கல்.

எதை வைத்து வரிசைப்படுத்துவது?

வழக்கமாகக் கடந்த ஆண்டு முடிவை வைத்து. ஆனால் 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் ஆண்டுதோறும் வீரர்கள் மாறுகிறார்கள். சென்ற ஆண்டு வர இயலாத மலைப்பள்ளிக்கு முடிவே இருக்காது. ஆகவே அரையிறுதிக்கு வந்த 4 அணிகளோடு வரிசையை நிறுத்திக்கொள்வது நல்லது. நேரமும் ஆடுகளமும் இருந்தால் 4 அணிகள் கொண்ட இரு பிரிவுகளாக லீக் நடத்தலாம். 7 ஆட்டங்கள் 15 ஆகும். ஆனால் ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது 3 ஆட்டங்கள் கிடைக்கும்.

11 அணிகள் வந்தால் 16 − 11 = 5 'பை'. நான்கை வரிசை பெற்ற அணிகளுக்கும், ஐந்தாவதைக் குலுக்கலிலும் தரலாம். தொலைவிலிருந்து வருவோருக்கு 'பை' சலுகை வேண்டாம். அவர்களது முதல் ஆட்டத்தைச் சற்றுத் தாமதமாக வைத்தாலே போதும்.

வெளியுலகில்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 4 அணிகளை ஒரு குழு தேர்ந்தெடுத்து வந்தது. 2023இல் 13 ஆட்டங்களிலும் வென்ற புளோரிடா ஸ்டேட் அணிக்கு இடம் கிடைக்கவில்லை. அதன் முக்கிய வீரர் காயமடைந்திருந்ததைக் குழு கருத்தில் கொண்டது. ஆடி வென்றதைவிட, இனி எப்படி ஆடுவார்கள் என்ற ஊகம் மேலோங்கியதாகப் பலர் குறைகூறினர். முன்பே முடிவாகியிருந்த விரிவாக்கத்தின்படி 2024இல் 12 அணிகள் ஆயின. அதிலும் முதல் நான்கு இடங்களும் 'பை'யும் மண்டல வாகையர்க்கே என்றிருந்த விதி மறு ஆண்டே மாற்றப்பட்டது.

வகுப்பறைச் செயல்பாடு

ஒன்பதாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தோடு இதை இணைக்கலாம். 8 சீட்டுகளில் பள்ளிப் பெயர்களை எழுதி 35 முறை குலுக்கச் சொல்லுங்கள். குறித்த இரு அணிகள் ஒரே பாதியில் வந்தது எத்தனை முறை? 15க்கு அருகில் வருகிறதா? முதல் ஆட்டத்திலேயே மோதியது 5க்கு அருகிலா? பின்னர் மாணவர்களே ஒரு விதியை எழுதட்டும்.

விதி எதுவாயினும் குலுக்கலுக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். அணித் தலைவர்கள் முன்னிலையில் சீட்டு எடுக்க வேண்டும். தோற்று மலையேறும் மாணவர், "எங்களைவிட நன்றாக ஆடினார்கள்" என்று சொல்லும்படி அட்டவணை அமைய வேண்டும்.