அருந்ததியை நிஜமாகவே பார்த்திருக்கிறீர்களா?

‘அம்மி மிதித்து, அருந்ததி பார்த்து...’ என்று சொன்னாலே போதும், கல்யாணம் ஆகிவிட்டது என்று அர்த்தம். ஆனால், உங்கள் திருமணத்தில் அருந்ததியை நீங்கள் பார்த்தீர்களா? சற்று யோசித்துப் பாருங்கள்.

காலை பத்து மணி. உச்சி வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. மண்டப வாசலில் மணமக்களை நிறுத்தி, புரோகிதர் வானத்தை நோக்கிக் கை நீட்டுகிறார். ‘தெரியறதா?’ என்று கேட்கிறார். வெயிலில் கண் கூச, ‘தெரியறது’ என்று இருவரும் தலையசைக்கிறார்கள். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அடுத்து பந்திக்கு நேரமாகிவிட்டது!

இது யாருடைய குற்றமும் அல்ல. இரவில் செய்ய வேண்டியதை, காலத்தின் அவசரத்தில் பகலுக்கு இழுத்து வந்துவிட்டோம். அவ்வளவுதான்.

சாஸ்திரம் சொல்லும் நேரம்

திருமணச் சடங்குகளை விவரிக்கும் நூல்கள் கிருஹ்ய சூத்திரங்கள். நட்சத்திரங்கள் உதித்த பிறகு, கணவன் தன் மனைவியை வெளியே அழைத்து வந்து துருவனையும் அருந்ததியையும் காட்ட வேண்டும் என்கிறது ஆபஸ்தம்பரின் நூல். ஆச்வலாயனர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். துருவன், அருந்ததி, சப்தரிஷிகள் ஆகியோரைக் கண்ட பிறகே மணப்பெண் தன் மௌனத்தைக் கலைக்க வேண்டும் என்கிறார்.

இதைக் கவனியுங்கள். புது வாழ்க்கையில் அவள் பேசப்போகும் முதல் வார்த்தைக்கு முன்னால், கண்ணாரக் கண்ட ஓர் உண்மை இருக்க வேண்டும். காணாததைக் ‘கண்டேன்’ என்று சொல்லித் தொடங்குவதற்கு ஏற்பட்டதல்ல இந்தச் சடங்கு. இன்னொன்று... காட்ட வேண்டியவன் கணவன். அப்படியானால், அருந்ததி எங்கே இருக்கிறாள் என்று முதலில் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

ஏன் அருந்ததி?

வசிஷ்ட மகரிஷியின் தர்மபத்தினி அருந்ததி. மகாபாரதத்தின் வன பர்வம் ஒரு கதை சொல்கிறது. சப்தரிஷிகளின் மனைவியர் மீது அக்னி பகவான் மையல் கொண்டார். அக்னியை விரும்பிய ஸ்வாஹா தேவி, அந்த ரிஷி பத்தினிகளின் உருவங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அவரிடம் சென்றாள். ஆறு பேரின் உருவம் அவளுக்கு வாய்த்தது. அருந்ததியின் உருவத்தை மட்டும் அவளால் எடுக்கவே முடியவில்லை! அத்தனை தவ வலிமை.

வீண் பழிக்கு ஆளாகிக் கணவர்களைப் பிரிந்த மற்ற ஆறு பேரும் கார்த்திகை நட்சத்திரங்களாக வானில் வேறிடம் போனார்கள். அருந்ததி மட்டும் வசிஷ்டரின் பக்கத்திலேயே இருக்கிறாள். வானத்தைப் பார்த்தால் இன்றும் அப்படித்தான். கார்த்திகைக் கூட்டம் ஓரிடத்தில். வசிஷ்டரும் அருந்ததியும் வேறிடத்தில், சேர்ந்து.

நம் சங்கப் புலவர்களுக்கும் இவள் நெருக்கமானவள். ‘வடமீன்’ என்பது அவர்கள் வைத்த பெயர். புறநானூற்றில் மலையமான் திருமுடிக்காரியின் மனைவியைப் போற்றும்போது கபிலர் காட்டும் உவமை இந்த வடமீன்தான். சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் இளங்கோவடிகள் கண்ணகியை அறிமுகப்படுத்துவதும் இவளை ஒப்பிட்டுத்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வைகாசி மாதத்தில் நிலவொளி குறைந்த ஓர் இரவு, ஒன்பது மணிக்கு மேல் மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். வடக்கு நோக்கி நில்லுங்கள். பாதி வானத்தின் உயரத்தில் ஏழு நட்சத்திரங்கள் தெரியும். இடது பக்கம் நான்கு, ஒரு பெட்டி போல. அதிலிருந்து வலது பக்கமாக வளைந்து நீளும் வால் போல மூன்று. இவைதான் சப்தரிஷி மண்டலம்.

அந்த வாலின் நடு நட்சத்திரம்தான் வசிஷ்டர். அதையே சில நொடிகள் அசையாமல் பாருங்கள். வலப்பக்கத்தில், ஒட்டினாற்போல் ஒரு சின்னஞ்சிறு புள்ளி மினுக்கும். அவளே அருந்ததி! பௌர்ணமி நிலவின் அகலத்தில் பாதிகூட இல்லை இருவருக்கும் இடைவெளி. வசிஷ்டரின் ஒளியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் அவளுடைய ஒளி. அதனால்தான் அவசரப்பட்டுப் பார்ப்பவர்களுக்கு அவள் தென்படுவதில்லை.

பங்குனியில் முன்னிரவில் வடகிழக்கில் தேடுங்கள். ஆவணியில் இருட்டியதுமே வடமேற்கில் தாழ்வாக இருப்பாள். ஐப்பசியில் மாலை நேரத்தில் தெரிய மாட்டாள். தை மாதம் முகூர்த்தம் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். விடிவதற்கு முன், ஐந்து மணி வாக்கில், வடக்கு வானில் நன்றாக உயர்ந்து நிற்பாள். மண்டபத்தை விட்டு நாலடி வெளியே வந்தால் போதும்.

இருவர் அல்ல, அறுவர்!

தொலைநோக்கி சொல்வதைக் கேட்டால் வியப்பீர்கள். 1617-ல் இத்தாலியில் கலிலியோவும் அவருடைய மாணவர் காஸ்டெல்லியும் நோக்கியபோது, வசிஷ்டரே இரண்டு நட்சத்திரங்களாகத் தெரிந்தார். அவற்றில் ஒன்று மேலும் இரட்டை என்று 1889-ல் ஹார்வர்டு வான் ஆய்வகத்தின் எட்வர்ட் பிக்கரிங் அறிவித்தார். அந்த இரண்டும் சுமார் இருபது நாட்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. மற்றொன்றும் இரட்டையே எனப் பின்னர் தெரிந்தது. ஆக, வசிஷ்டர் நால்வர். 2009-ல் அருந்ததிக்கும் ஒரு மங்கிய சிவப்புத் துணை இருப்பதைக் கண்டார்கள். மொத்தம் ஆறு! எல்லாம் சேர்ந்தே வான்வெளியில் பயணிக்கின்றன.

‘இதையெல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டு சொல்லிவிட்டார்கள்’ என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. கிருஹ்ய சூத்திரங்களில் அப்படிப் பேச்சில்லை. ‘பார்’ என்று மட்டுமே சொல்கின்றன. வெறும் கண்ணால் அவர்கள் கண்டதே போதும். இல்லாத பெருமை அவர்களுக்கு எதற்கு?

அங்கிருந்து ஒளி நம்மை வந்தடைய எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. சதாபிஷேகம் கண்ட தாத்தா பிறந்த காலத்தில் கிளம்பிய ஒளியைத்தான் இன்று பேத்தி மணக்கோலத்தில் பார்க்கிறாள்.

பெரியதைக் காட்டி, சிறியதைக் காட்டி...

வேதாந்தத்தில் ‘அருந்ததி நியாயம்’ என்று ஒன்று உண்டு. பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் ஆதிசங்கரர் இதை எடுத்தாளுகிறார். அருந்ததியை நேரடியாகக் காட்டினால் யாருக்கும் தெரியாது. எனவே, முதலில் பக்கத்தில் உள்ள பெரிய நட்சத்திரத்தை ‘அதோ அருந்ததி’ என்று காட்டுவார்கள். கண் அங்கே நிலைத்ததும், ‘அதுவல்ல, அதன் அருகே இருப்பவள்’ என்று உண்மையானவளைக் காட்டுவார்கள். நுட்பமான பரம்பொருளையும் இப்படிப் படிப்படியாகத்தான் உணர்த்த முடியும்.

தம்பதிக்கும் இதுவே பாடம். கல்யாண நாளில் பெரியதெல்லாம் கண்ணில் படும். பட்டும் நகையும் படிப்பும் சம்பளமும் பளிச்சென்று தெரியும். பக்கத்தில் இருப்பவரின் மனதில் மினுக்கும் சின்னச் சின்ன ஆசையும் வருத்தமும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அம்மி ‘உறுதியாக நில்’ என்கிறது. அருந்ததியோ, ‘பொறுமையாகப் பார்’ என்கிறாள்.

எனவே, உங்கள் வீட்டுத் திருமணத்தில் புரோகிதர் காலையில் செய்து வைக்கும் சடங்கு அப்படியே நடக்கட்டும். வானம் தெளிந்த முதல் இரவில், வீட்டுப் பெரியவர்கள் மணமக்களை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். நகரத்து வெளிச்சத்தில் தெரியாவிட்டால், குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்க ஊருக்குப் போகும்போது பாருங்கள். மாப்பிள்ளை முதல் நாளே தேடிப் பழகிக்கொள்ளட்டும்.

திருமணமாகி முப்பது வருடம் ஆகிவிட்டதா? அதனால் என்ன... இருவருமாகப் போய்ப் பாருங்கள். அன்று சொன்ன ‘தெரியறது’ இன்று உண்மையாகட்டும்!