அருளிச்செயல் ஏடுகளும் ஆசார்யர்களின் காவலும்

ஸ்ரீ:

பெருமாள் திருவீதி எழுந்தருளும்போது திருமுன்னே திவ்யப்ரபந்த கோஷ்டியார் பாசுரங்களை ஸேவித்துச் செல்வதும், பின்னே வேதபாராயண கோஷ்டியார் தொடர்வதும் திவ்யதேசங்கள்தோறும் ஸேவார்த்திகள் கண்டு களிக்கும் காட்சி. முன்னே செல்லும் அந்தத் தமிழ் மறை ஒரு காலத்தில் வழக்கொழிந்து மறைந்தே போயிருந்தது. அதனைத் தேடி எடுத்து, வகைசெய்து, ஏடுபடுத்திப் பின்னுள்ளோர்க்கு அளிக்கப் பூர்வாசார்யர்கள் பட்ட பாட்டைப் பலர் அறிந்திலர். பாடியவர் திருநாட்டுக்கு எழுந்தருளிய பின் அவருடைய திருவாக்கு யார் கையில், எவ்விதம் காக்கப்படுகிறது என்பதே இங்கு ஆராயப்படும் விஷயம்.

திருக்குருகூரில் புளியமரத்தடியில் எழுந்தருளியிருந்த நம்மாழ்வார் தம் திருக்கையால் ஓலையில் எழுதினார் என்று குருபரம்பரை கூறவில்லை. அவர் அருளிச்செய்ய, மதுரகவிகள் பட்டோலை கொண்டார் என்பதே வரலாறு. பின்னர்த் திருமங்கையாழ்வார் திருவரங்கத்தில் மார்கழியில் திருவாய்மொழித் திருநாளை ஏற்படுத்தினார் என்று கோயிலொழுகு தெரிவிக்கும். காலப்போக்கில் அத்திருநாள் நின்றுபோயிற்று. பாடுவோர் இல்லாமற்போகவே பாசுரங்களும் மறைந்தன. ஏடு அழிந்ததனால் ஓதுதல் நின்றதா, ஓதுதல் நின்றதனால் ஏட்டை நாடுவோர் இல்லாமற்போயினரா என்று கேட்டால், பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஓதாத நூலுக்குப் புதுப்படி எடுப்பார் எவர்?

காட்டுமன்னார்கோயில் எனப்படும் வீரநாராயணபுரத்தில் எழுந்தருளியிருந்தவர் நாதமுனிகள். மேல்நாட்டிலிருந்து வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் சிலர் மன்னனார் ஸந்நிதியில், திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான திருவாய்மொழியை ஸேவிக்கக் கேட்டு அவர் உருகினார். அதன் கடைசிப் பாசுரம், இவை ஆயிரத்துள் ஒரு பத்து என்று தன் கணக்கைத் தானே சொல்லிற்று. எஞ்சியவை எங்கே என்று வினவியபோது, வந்தவர்களுக்கு அந்தப் பத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நாதமுனிகள் குருகூருக்கு எழுந்தருளி, மதுரகவிகளின் வழிவந்த பராங்குசதாஸரிடம் கண்ணிநுண்சிறுத்தாம்பு உபதேசம் பெற்று, அதனைப் பன்னீராயிரம் உரு ஜபித்து, ஆழ்வாருடைய அருளால் ஆயிரத்தோடு மற்றை மூவாயிரத்தையும் பெற்றார் என்பது ஸம்ப்ரதாயம்.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஒரு நூலில் ஏதோ குறைகிறது என்பதை அந்நூலே சொல்லாவிட்டால் பின்வந்தவர் எங்ஙனம் அறிவர்? ஆழ்வார் தம் ப்ரபந்தத்திற்குள்ளேயே பூட்டுகளை அமைத்துவைத்தார். திருவாய்மொழியில் 100 பதிகங்கள். ஒவ்வொன்றும் பத்துப் பாசுரமும் பலன் கூறும் ஒரு பாசுரமுமாகப் பதினொன்று. எம்பெருமானுடைய பன்னிரு திருநாமங்களைப் பாடும் பதிகம் ஒன்றில் மட்டும் 13. ஆகத் தொகை 1102. பதிகத்தின் முடிவுப் பாசுரத்தில் பாடியவர் பெயரும் ஆயிரம் என்ற எண்ணும் வரும். இவற்றுக்கும் மேலாக அந்தாதித் தொடை. ஒரு பாசுரத்தின் இறுதிச்சொல் அடுத்ததன் முதற்சொல்லாகத் தொடர்வதால், இடையில் ஓர் ஓலை உதிர்ந்தாலும் சங்கிலி அறுந்தது தெரிந்துவிடும். இடையே தம் பாட்டொன்றைச் செருக நினைப்பவனும் இரண்டு கண்ணிகளைத் தறித்தாக வேண்டும். இவ்வகைக் காவல் இல்லாத கம்பநாட்டாழ்வாரின் இராமகாதையில் பிறர் பாட்டுகள் எத்தனை புகுந்தன என்பதை, மிகைப்பாடல்கள் என்று பதிப்பாசிரியர்கள் தனியே ஒதுக்கிவைத்த பகுதியைப் பார்த்தவர்கள் அறிவர்.

கிடைத்தவற்றை நாதமுனிகள் நான்கு ஆயிரங்களாக வகுத்து, இயல் இசை என்று பிரித்து, மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் பண்ணோடு கற்பித்தார். திருமடல்கள் இரண்டையும் எத்தனை பாசுரங்களாக எண்ணுவது, இராமாநுச நூற்றந்தாதியின் 108-ஐக் கூட்டுவதா விடுவதா என்பதில் இன்றும் இருவகைக் கணக்கு உண்டு. எப்படி எண்ணினாலும் முடிவில் 4000 வந்துவிடுவதால் இதைப் பற்றிச் சண்டையிட ஒன்றுமில்லை.

இனி ஓலையின் இயல்பைச் சற்று அறிதல் வேண்டும். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று பழைய ஏடுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒரே வடிவாயிருக்கும். எனவே செவிவழிப் பாடம் கேளாதவன் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு சரியாகப் படித்துவிட முடியாது. அதனாலேயே ஆசிரியர் ஒருமுறை சொல்ல மாணாக்கர் இருமுறை திருப்பிச் சொல்லும் சந்தை முறை ஏற்பட்டது. செவி தவறினால் ஏடு திருத்தும். ஏடு மயங்கினால் செவி திருத்தும். அத்யயனோத்ஸவத்தில் நாலாயிரமும் கோஷ்டியில் முற்றுமாக ஸேவிக்கப்படுகிறது. ஒருவர் வாயில் சொல் பிறழ்ந்தால் பக்கத்தில் நிற்பவர் குரல் அதைத் தடுத்துவிடும். ஆண்டுக்கொருமுறை இங்ஙனம் மூலபாடம் முழுவதும் பலர் முன்னிலையில் ஒத்துப் பார்க்கப்படுகிறது. கோஷ்டியில் நிற்பவர்கள் இருவர் மூவராகக் குறைந்துவிட்ட ஸந்நிதிகளில் இந்தக் காவலும் அந்த அளவுக்குத் தளர்ந்தது என்றே கொள்ளவேண்டும்.

பாசுரங்களுக்குப் பூட்டு உண்டு. அவற்றின் பொருளை விரிக்கும் வ்யாக்யானங்கள் வசன நடையில் ஆனவை. அவற்றுக்கு அந்தாதியும் இல்லை, எண்ணும் இல்லை. அவற்றைக் காத்த கதை இன்னும் நெஞ்சை உருக்கும்.

நஞ்சீயர் திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி அருளிச்செய்து, அதனை நல்லெழுத்தில் படியெடுத்துத் தருமாறு நம்பூர் வரதராஜரிடம் ஒப்புவித்தார். வரதராஜர் காவிரியைக் கடக்கையில் வெள்ளம் பெருகிற்று. கட்டைத் தலையில் வைத்து நீந்தியும் அலை அதனைக் கொண்டுபோய்விட்டது. அவர் ஆசார்யரிடம் கேட்டதை நெஞ்சில் நிறுத்திப் புது ஓலையில் முழுவதும் எழுதினார்; தமக்குத் தோன்றிய சிறப்புப் பொருள்களையும் சிற்சில இடங்களில் சேர்த்தார். படித்துப் பார்த்த நஞ்சீயர், தாம் எழுதாதவை உள்ளனவே என்று வினவி, நடந்ததை அறிந்து உகந்து, நம்பிள்ளை என்று திருநாமம் சாற்றினார். இங்கே சேர்க்கப்பட்டவற்றைப் பார்த்து ஆம் என்று சொல்ல நூலாசிரியர் எழுந்தருளியிருந்தார். அவர் இல்லாதபோது செய்யவேண்டியது யாது?

அதற்கு விடை மணவாள மாமுனிகளிடம் (1370 - 1443) கிடைக்கிறது. 1323-இல் நேர்ந்த படையெடுப்பால் திருவரங்கம் கலைந்தது. நம்பெருமாள் கோயிலுக்கு மீண்டும் எழுந்தருளியது 1371-இல். இடைப்பட்ட காலத்தில் ஏடுகள் எங்கெங்கோ சிதறின. வடக்குத் திருவீதிப்பிள்ளை, நம்பிள்ளையின் காலக்ஷேபத்தைப் பகலில் கேட்டு இரவில் எழுதிவைத்த ஈடு முப்பத்தாறாயிரப்படி, ஈயுண்ணி மாதவப்பெருமாளிடம் ஒப்புவிக்கப்பட்டு, ஓராண்வழியாகக் கைமாறி, திருவாய்மொழிப்பிள்ளை மூலம் மாமுனிகளிடம் வந்து சேர்ந்தது. மாமுனிகள் கிடைத்த க்ரந்தங்களைத் தேடிச் சேர்த்துப் புதுப்படி எடுப்பித்தார். ஈட்டில் எடுத்தாண்ட வேத, இதிஹாஸ, புராண வாக்யங்களைத் தொகுத்து ப்ரமாணத் திரட்டு ஒன்றும் அருளினார். இதன் அருமை ஸம்ஸ்க்ருதம் பயின்றோர்க்கு எளிதில் விளங்கும். மணிப்ரவாள ஏட்டில் வடசொல் க்ரந்த லிபியிலும் தமிழ்ச்சொல் தமிழ் லிபியிலும் கலந்து வரும். ஒன்றில் மட்டும் பயிற்சியுடைய எழுத்தர் மற்றதைச் சிதைத்துவிடுவார். ச்லோகத்தின் ஒரு துண்டு மட்டும் நின்று, அதுவும் சிதைந்தால், மூலம் எதுவென்று தேடுவது கடலில் ஊசி தேடுவதாகும். மாமுனிகளின் திருவாய்மொழி நூற்றந்தாதியும் அத்தகையதொரு காவலே. ஒவ்வொரு வெண்பாவும் ஒரு பதிகத்தின் முதலையும் முடிவையும் தன்னிடத்தே கொண்டு, அதன் பொருளையும் சுருக்கிச் சொல்லும்.

இவை எல்லாவற்றிலும் மேலான செயல், பெரியாழ்வார் திருமொழி வ்யாக்யானத்தில் அவர் செய்தது. வ்யாக்யான சக்ரவர்த்தியாகிய பெரியவாச்சான்பிள்ளை நாலாயிரத்திற்கும் உரை அருளியவர். அவற்றுள் பெரியாழ்வார் திருமொழி உரையில் ஏறக்குறைய 400 பாசுரங்களுக்கான பகுதி செல்லுக்கிரையாயிற்று. இறுதிப் பகுதி மட்டும் எஞ்சியது. மாமுனிகளோ ஈட்டையே காலக்ஷேபமாகச் சொல்லி 1433-இல் நம்பெருமாள் திருமுன்பே சாற்றுமுறை செய்த மஹான். முழுவதற்கும் புதியதோர் உரை எழுத அவரால் ஆகாததன்று. எழுதியிருந்தால் உலகம் அதனைத் தலைமேல் கொண்டிருக்கும். ஆயினும் அவர் அழிந்த இடத்திற்கு மட்டுமே உரை எழுதினார். பெரியவாச்சான்பிள்ளையின் திருவாக்கு எந்தச் சொல்லில் தொடங்கி எஞ்சி நின்றதோ, அந்தச் சொல்லின் எல்லையில் தம் எழுத்தாணியைக் கீழே வைத்தார் என்பர் பெரியோர். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. ஒப்புதல் தர ஆசிரியர் இல்லாத இடத்தில் இட்டு நிரப்பலாம், கூட்டலாகாது என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்? இன்றும் அந்த வ்யாக்யானத்தை வாசிப்போர் இரண்டு மஹான்களுடைய திருவாக்குகள் சந்திக்கும் அவ்விடத்தைக் குறித்தறியலாம்.

பாடபேத விஷயத்திலும் பூர்வாசார்யர்கள் இந்த அடக்கத்தையே கைக்கொண்டனர். ஒரு சொல்லுக்கு இரண்டு பாடம் வழங்கினால், ஒன்றைத் தள்ளாமல் இப்படியும் பாடம் என்று குறித்து, அதற்கும் பொருள் அருளிச்செய்தார்கள். அச்சு வந்த பின்னர், வ்யாக்யானங்கள் பல முதலில் தெலுங்கு லிபியிலேயே வெளியாயின. தமிழ் மட்டும் படித்த அன்பர்களுக்கு அவை எட்டவில்லை. அக்குறையைப் பிற்காலத்தில் காஞ்சீபுரம் ப்ரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசார்ய ஸ்வாமியும், புத்தூர் ஸ்ரீ கிருஷ்ணஸ்வாமி அய்யங்காரும் தம் பதிப்புகளால் பெரிதும் போக்கினர். ஸ்ரீ பு.ரா. புருஷோத்தம நாயுடு ஈட்டினைத் தமிழாக்க, சென்னைப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது.

அச்சாகிவிட்டதே, இனி ஓலை எதற்கு என்று நினைப்பவர் உண்டு. அச்சேறாத ரஹஸ்ய வ்யாக்யானங்கள், தனியன்கள், ஸ்தல மாஹாத்ம்யங்கள், கோயில் கணக்குகள் ஆகியன பழைய இல்லங்களின் பரண்களிலும் ஸந்நிதிப் பெட்டிகளிலும் இருத்தல் கூடும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்பாண்டி நாட்டுக் கோயிலொன்றுக்கு ஏடு தேடிச் சென்ற டாக்டர் உ.வே. சாமிநாதையரிடம், பழுதடைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து அக்னியில் இடவேண்டும் என்பது சாஸ்த்ரம், அவ்வாறே செய்தாயிற்று என்று அங்குள்ளவர்கள் கூறினராம். கேட்டு அவர் மனம் பட்ட பாட்டைத் தம் சரிதத்தில் எழுதியிருக்கிறார். அவ்வாறு செய்தவர்கள் அவமதிப்பாகச் செய்யவில்லை, பக்தியாகவே செய்தார்கள். புதுப்படி எடுத்த பின்னரே பழைய ஏட்டிற்கு அந்த மரியாதை பொருந்தும் என்பதை மறந்தார்கள், அவ்வளவே. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களும் அப்படியே.

இல்லத்தில் சுவடி வைத்திருப்போர் கட்டினை அவிழ்ப்பதற்கு முன் ஏடுகள் இருக்கும் வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கத்தியால் நெம்பலாகாது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும், தஞ்சை ஸரஸ்வதி மஹாலிலும் ஏடுகளைப் பேணத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடி அலைந்தபோது ஆழ்வார்திருநகரிக்கும் சென்றார். நாதமுனிகள் ஆயிரத்தைத் தேடி வந்த அதே குருகூர். கவிராயர்கள் இல்லங்களில் தேடியும் கிடைக்காமல் அவர் சோர்ந்திருந்த இரவில், உத்ஸவத்தில் நம்மாழ்வார் திருவீதி எழுந்தருளினார். தமிழ் தேடி வந்தவனை வெறுங்கையோடு அனுப்பலாமா என்று ஆழ்வாரிடமே மனத்துள் முறையிட்டு நின்றார். அன்றிரவே லக்ஷ்மண கவிராயர் தம் உறவினர் இல்லத்திலிருந்து ஒரு சுவடியைக் கொண்டுவந்து கொடுக்க, நிலா வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார். தேடிய பத்துப்பாட்டு அதில் இருந்தது. 1889-இல் அது அச்சேறிற்று.