வெண்கோபுரமும் இருண்ட முகங்களும்

சென்ற ஆண்டு சாந்தோம் பேராலயத்தின் முன் நின்று குழுப்படம் ஒன்று எடுத்தோம். 1896-இல் புதிதாய் எழுப்பப்பட்ட அந்த வெண்கோபுரமும் நண்பகல் வானமும் பின்னே, நாங்கள் முன்னே. படத்தைப் பார்த்தபோதோ கோபுரம் சாம்பல் பூத்திருந்தது. முகங்கள் இருளில் மூழ்கியிருந்தன. பள்ளியைவிட்டுச் செல்லும் அக்காமாருடன் எடுத்த கடைசிப் படம் அது! மீண்டும் எடுக்க அவர்கள் இல்லை. ஆகவே, பிழை எங்கே என்று ஆராய்ந்தோம்.

டிஜிட்டல் கேமராவில் பிலிமுக்குப் பதிலாக ஒளியை உணரும் சில்லு ஒன்று உள்ளது. அதில் ஒளி சேர்வது குழாயடியில் குடம் நிரம்புவது போன்றது. குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது லென்ஸின் துளை. எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டர் நேரம். 1/250 நொடியை 1/125 ஆக்கினால் இருமடங்கு ஒளி விழும். ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தினாலும் படம் வெளிச்சமாகும்; ஆனால், மிகுதியாக உயர்த்தினால் புள்ளிகள் தோன்றும். குடம் நிரம்பி வழிந்த நீர் திரும்பாது. அதுபோல் அளவு மீறி வெளுத்த இடத்தின் விவரமும் மீளாது.

இந்த அளவைக் கேமராவே கணிக்கிறதே, பிறகு ஏன் பிழை? கேமராவின் ஒளிமானிக்கு அடிப்படையில் கோபுரமும் தெரியாது, கூந்தலும் தெரியாது. காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே அது முயலும். எனவே வெண்மை மிகுந்த காட்சி இருளும். கருமை மிகுந்த காட்சி வெளுக்கும். இன்றைய கருவிகள் சில, முகத்தைக் கண்டறிந்து திருத்திக்கொள்கின்றன. எனினும் எப்போதும் அதை நம்பியிருக்க இயலாது.

பரிகாரம் எளிது. பல கேமராக்களில் + − குறியிட்ட பொத்தான் உண்டு. வெண்மை நிறைந்த காட்சிக்கு +1 வைக்கலாம். கறுப்புக் குடைகள் நிறைந்த மழைநாள் காட்சிக்கு −1 வைக்கலாம். கைப்பேசியானால், திரையில் முகத்தின் மேல் விரலை வைத்தால் போதும். பெரும்பாலும் முகத்திற்கு ஏற்ப ஒளி அமையும். எடுத்தவுடன் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் நன்று.

இவ்வாண்டு அதே இடத்தில், காலை வேளையில், மர நிழலில் நின்று, முகத்திற்கு ஒளி அளந்து படம் எடுத்தோம். வானம் சற்றே வெளுத்தது. ஆயினும் கடைசி வரிசைத் தோழியின் புன்னகைகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஒளியை அளப்பது கருவியின் வேலை. எதைக் காக்க வேண்டும் என்று முடிவு செய்வது நம் வேலை.