மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

நமது கல்லூரி விழாக்கள் தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்குகின்றன. எல்லோரும் எழுந்து நிற்கிறோம். 55 வினாடிகளில் பாடல் முடிகிறது, அமர்கிறோம். அதனை இயற்றியவர் மனோன்மணீயம் சுந்தரனார் என்பதை நாம் அறிவோம். இசையமைத்தவர் யார் என்று என் வகுப்பு நண்பர்களிடம் கேட்டேன். சரியான விடை சொன்னவர்கள் இருவர்தாம். அவரே மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன். இசை இலக்கணம் பயிலாத நான் அவரைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனை இறுதியில் சொல்கிறேன்.

இளமை

பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் விசுவநாதன் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, கண்ணூரில் பாட்டனாரின் ஆதரவில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். நடிகராக வேண்டும் என்னும் ஆசையோடு திரையுலகை நாடினார். கிடைத்ததோ ஜுபிடர் பிக்சர்ஸ் நிறுவனத்தில் ஏவல் வேலை!

அங்கே எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைப்பாளராக இருந்தார். 1948-இல் வெளிவந்த ‘அபிமன்யு’ படத்திற்காக அவர் ஒரு பாடலுக்கு மெட்டுத் தேடிக்கொண்டிருந்தார். ஆளில்லாத நேரத்தில் ஏவலாளான விசுவநாதன் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டை வாசித்துப் பார்க்க, அது நாயுடுவின் காதில் விழுந்தது. அந்த மெட்டே படத்தில் இடம்பெற்றது. ஆனால் நாயுடுவின் மெட்டாகவே வெளிவந்தது. ஏவலாள் போட்ட மெட்டு என்றால் யார் ஏற்பார்கள்?

இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஆயினும், பின்னாளில் நிறுவனத்தாரிடம் உண்மையைக் கூறி, விசுவநாதனின் திறமையை எடுத்துச் சொன்னவரும் நாயுடுவே. அந்த நன்றியை விசுவநாதன் மறக்கவில்லை. நாயுடுவை முதுமையில் தம் இல்லத்திலேயே வைத்துப் பேணினார்.

இரட்டையர்

சென்னையில் சி. ஆர். சுப்பராமனின் இசைக்குழுவில் விசுவநாதன் ஆர்மோனியம் வாசித்தார். திருச்சியைச் சேர்ந்த டி. கே. ராமமூர்த்தி அங்கே வயலின் வாசித்தார். 1952-இல் சுப்பராமன் இளம் வயதிலேயே மறைந்தபோது, அவர் விட்டுச்சென்ற பணிகளை இவ்விருவரும் முடித்துக் கொடுத்தனர். அதே ஆண்டில் இருவர் பெயரும் இணைந்து ‘பணம்’ வெளிவந்தது. அப்படத்தை இயக்கியவர் யார் தெரியுமா? நம் நாகர்கோவில் ஒழுகினசேரி தந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனேதான்!

1965 வரை இருவரும் சேர்ந்து இசையமைத்தனர். பாவமன்னிப்பு, பாலும் பழமும், காதலிக்க நேரமில்லை எனப் பட்டியல் நீளும். 1963-இல் சென்னையில் நடந்த விழாவில் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டத்தை நடிகர் திலகம் சிவாஜி கணேசன் வழங்கினார். பிரிந்த பின் தனித்தனியே இசையமைத்தவர்கள், 1995-இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்தில் மீண்டும் இணைந்தனர். ராமமூர்த்தி 2013-லும், விசுவநாதன் 2015 ஜூலை 14-லும் மறைந்தனர்.

குழுத் தலைவர்

நம் ஆய்வகத்தில் 256, 258 அதிர்வெண் கொண்ட இரண்டு இசைக்கவைகளைச் சேர்த்து ஒலித்தால், வினாடிக்கு இரண்டு விம்மல்கள் கேட்கும். இரண்டு கவைகளுக்கே இப்படி என்றால், பல கருவிகள் ஒலிக்கும் குழுவை எண்ணிப் பாருங்கள். குழல் கருவிகள் வாசிக்க வாசிக்கச் சூடேறி, அவற்றின் சுருதி உயரும். எல்லாவற்றையும் ஒரே சுருதியில் நிறுத்த வேண்டும். அக்காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒருசேர இருந்தே பாடலைப் பதிவு செய்தனர். ஒருவர் பிசகினால் எல்லோரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மேலை இசைக்குறியீட்டைப் பார்த்து வாசிப்பவர் ஒருபுறம். காதால் கேட்டு வாசிப்பவர் மறுபுறம். மங்களமூர்த்தியின் அக்கார்டியனும், பிலிப்ஸின் கித்தாரும், நஞ்சப்பாவின் புல்லாங்குழலும் ஒரே பாடலில் தத்தம் இடமறிந்து ஒலிக்க வேண்டும். அந்த இடத்தை வகுத்துக் கொடுப்பவரே குழுத் தலைவர். ‘சர்வர் சுந்தரம்’ (1964) படத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தையே ஒரு பாடற்காட்சியாகக் காட்டியுள்ளனர். விசுவநாதன் கையசைத்துக் குழுவை நடத்துகிறார். திரைக்குப் பின்னால் இருந்த வாத்தியக்காரர்களின் முகங்களை மக்கள் அதில் கண்டனர்.

தமிழ்த்தாய் வாழ்த்து

சுந்தரனார் திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர். ‘மனோன்மணீயம்’ 1891-இல் வெளிவந்தபோது நம் இரணியலும் திருவிதாங்கூர் நாட்டிலேயே இருந்தது. 1956 நவம்பர் முதல் நாளில்தான் நாம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தோம். அந்நூலின் வாழ்த்துப்பாடல் 1970-இல் அரசு விழாக்களின் இறைவணக்கப் பாடலாயிற்று. 2021-இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. விசுவநாதன் அதனை ஐந்து சுரங்களே கொண்ட மோகன இராகத்தில், மூன்றன் நடையில் அமைத்தார். இசை கற்காதவனும் உடன்பாடலாம். மாபெரும் குழுக்களை நடத்தியவர் எளியவர் குரலையும் அளந்து வைத்திருந்தார்.

முடிவுரை

இனி, நான் சொல்வதாகக் கூறிய காரணம். என் தந்தை தறி நெய்பவர்; திருவிழா, திருமணக் காலங்களில் பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிப்பவர். நான் முதலாண்டு படிக்கும்போது ஒரு திருமண ஊர்வலம் எதிரே வந்தது. சிவப்புக் கோட்டு அணிந்து அவர் வாசித்து வந்தார். “லே, அந்த கிளாரினெட்காரர் உனக்குத் தெரிஞ்ச ஆளா?” என்று நண்பன் கேட்டான். “இல்லை” என்றேன். அப்பா என்னைப் பார்த்தார், வாசிப்பதை நிறுத்தவில்லை. வீட்டிலும் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

இக்கட்டுரைக்காக விசுவநாதனைப் பற்றி அவரிடம் கேட்டேன். எந்தப் பாடலில் கிளாரினெட் எங்கே நுழையும், எங்கே ஒதுங்கும் என்று இரவு வெகுநேரம் சொன்னார். “வாசிக்கியது எளுப்பம் மக்களே. நம்ம முறை வர்றது வரைக்கும் சும்மா நிக்கணும் பாரு, அதுதான் பாடு” என்றார்.

என் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் தந்தை எழுத்தறியாதவர். இம்மலர் அச்சாகி வந்ததும் இக்கட்டுரையை, இந்தப் பகுதியையும் விடாமல், அவருக்குப் படித்துக் காட்டுவேன்.